பந்து நிற்கும் நேரம்

வேலை கேட்டு வந்த முதல் நாளே ஃபஹத் மீது மலர்க்கொடிக்கு ஒரு நெருடல் விழுந்துவிட்டது. சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் என்ன என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இவன் மேலாளர் தமிழ்மாறனைப் பார்த்து, "வெர்னாக் மேசையில எடம் இருக்குதா சார்?" என்று கேட்டான்.

வெர்னாக் என்பது பிரான்சில் ஒரு சிறிய ஊர். அந்த ஊரின் கால்பந்து அணிக்கும் அதே பெயர்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், பேட்டரிக் கடைக்கு மேலே இருக்கும் ஒரு மாடி அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு காரைக்காலிலிருந்து ஒருவன் வருவானேன்?

அங்கே நடக்கும் வேலை அப்படி. ஐரோப்பாவில் நடக்கும் ஆட்டங்களின் வீடியோ மறுநாள் காலையில் இங்கே வந்துவிடும். யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தான், யார் பறித்தான், எங்கிருந்து அடித்தான் என்று ஒவ்வொன்றையும் பார்த்து, அதற்கு உரிய விசையைத் தட்டிப் பதிய வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர். ஆளுக்கு ஓர் அணி. இவர் பக்கம் பந்து போனது என்று தட்டிய நொடியில், அவர் பக்கம் பந்து வந்தது என்று விழுந்திருக்க வேண்டும். விழாவிட்டால் திரையில் சிவப்புக் கோடு வரும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த இடத்தை மறுபடி பார்ப்பார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் கண் காவல்.

கேமரா எங்கோ உயரத்தில் இருக்கும். ஆட்டக்காரனின் முதுகில் உள்ள எண் பாதி நேரம் தெரியாது. அதனால் ஒப்பந்தம் போட்ட அணியைப் பதிகிறவர் அந்தப் பருவம் முழுக்க அதே அணியோடு இருப்பார். ஆகஸ்டில் தொடங்கி மே வரைக்கும் பார்த்தால் ஒவ்வொருவனின் நடையும் பழகிவிடும். வெர்னாக் அணி முழுவதையும் மலர்க்கொடி நடையை வைத்தே சொல்லிவிடுவாள். தலைவன் கோர்பியே குதிகாலை அழுத்தி, வரப்பில் நடப்பதுபோல் நடப்பான். மாலி நாட்டிலிருந்து வந்த இளைஞன் ஒருவன், நிற்கும்போதுகூட ஓடப்போகிறவனைப் போல இருப்பான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஓர் ஆட்டத்தில் பந்து உருளும் நேரம் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மீதியெல்லாம் பந்தை எடுத்து வருவது, நடுவரோடு வாதாடுவது, ஷூ நாடா கட்டுவது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மாலைக்குள் வேலை முடியாது. அதற்கென்றே ஒரு தாவல் விசை இருந்தது. தட்டினால் அடுத்த உதைக்குச் சற்று முன்னால் வீடியோ போய் நிற்கும். அந்த மாடியில் எல்லோரும் தாவினார்கள். ஃபஹத் மட்டும் தாவவில்லை.

வெர்னாக்கோடு அன்றன்று ஆடும் எதிரணியைப் பதிவதுதான் அவன் வேலை. ஒருவனும் ஓடாத, ஒன்றும் நடக்காத நேரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான். மலர்க்கொடி எழுந்து அந்தப் பக்கம் போனால் திரையைச் சுருக்கிவிடுவான். தேநீர் வேளையில் மாடிப்படியில் நின்று போனில் பிரெஞ்சில் பேசுவான். பேசி முடித்து வரும்போது முகம் கறுத்திருக்கும். இதில் இன்னொன்றையும் அவள் கவனித்தாள். வெர்னாக் தன் சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டங்களில்தான் அவன் இப்படி. வெளியூர் ஆட்டங்களில் எல்லோரையும்போல் தாவித் தாவி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

"என்ன தம்பி, அங்க அப்புடி என்ன ஓடுது?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததயா இவ்ளோ நேரம் பாக்குற?"

அவன் சிரித்துவைத்தான். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பருவத்தில் வெர்னாக் பல கழனிகளில் கால் வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்நாட்டு லீக். அதில் பட்டியலின் நடுவில் கிடந்தது. இடையில் பிரெஞ்சுக் கோப்பை. அதில் ஜனவரியிலேயே வெளியேறிவிட்டது. வியாழக்கிழமைகளில் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கோப்பை. அதில்தான் யாரும் எதிர்பார்க்காத ஓட்டம். போலந்து அணியை வென்று, கிரேக்க அணியை வென்று, அரையிறுதி வரை வந்துவிட்டது. வியாழனும் ஞாயிறும் ஒரே ஆட்களை ஆடவிட்டால் கால் தாங்காது. அதனால் வயதான கோர்பியேயை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரவைத்து ஐரோப்பாவுக்காகச் சேமித்தார் பயிற்சியாளர்.

சிக்கல் கார்னரில் வந்தது. மைதானத்தின் மூலையில் பந்தை வைத்து, கோல் முன் கூடி நிற்கும் தன் ஆட்களை நோக்கி உதைப்பதுதான் கார்னர். உதைப்பவன் முதலில் கையைத் தூக்கி ஜாடை காட்டுவான். ஒரு கை என்றால் பந்து கோலின் தூரக் கம்பத்துக்குப் போகும், இரு கை என்றால் பக்கத்துக் கம்பத்துக்கு. எதிரிகள் படித்துவிடக் கூடாது என்று ஆட்டத்துக்கு ஆட்டம் ஜாடையை மாற்றுவார்கள். இந்த ஜாடைகளையும் தனியே பதிந்து தரும்படி வெர்னாக் கேட்டிருந்தது. அதற்காக ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பே அன்றைய ஜாடைப் பட்டியலை இங்கே அனுப்பிவிடும். அதைப் பார்க்க முடிந்தவர்கள் மலர்க்கொடி, ஃபஹத், தமிழ்மாறன் ஆகிய மூவர்தான்.

பிப்ரவரிக்குப் பிறகு, ஐரோப்பிய ஆட்டங்களில் எதிரணிக்காரர்கள் பந்து வருமுன்பே சரியான இடத்துக்குப் போய் நின்றார்கள். ஜாடையை மாற்றினாலும் நின்றார்கள். உள்நாட்டு ஆட்டங்களில் அந்தத் தொல்லை இல்லை. அரையிறுதியின் முதல் ஆட்டம் டென்மார்க்கில் நடந்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் வெர்னாக் தோற்றது. கார்னர் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. மறுநாள் வெர்னாக்கிலிருந்து தமிழ்மாறனுக்குப் போன் வந்தது.

அவர் மலர்க்கொடியை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வெளிநாட்டு டீமுக்கு ஜாடை போவுதாம். இங்கேருந்துதான்னு சந்தேகப்படுறாங்க. நாலு நாள்ல ஆளச் சொல்லலைன்னா ஒப்பந்தம் போச்சு. உங்க மேசையில ஒருத்தருக்கும் வேலை இருக்காது. எனக்கு ஒரு பேரு வேணும், மலர்."

மலர்க்கொடி யோசிக்கக்கூட இல்லை. கண்டியூர் தாண்டி இருக்கிறது அவள் ஊர். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்காலோடு மேலே நடந்துபோய் எவன் மடையைத் திறந்தான் என்று பார்ப்பதுதான் அங்கே வழக்கம். அவள் மனம் அப்படியே மேலே நடந்தது. கேட்டு வாங்கிய மேசை, சுருக்கிய திரை, மாடிப்படிப் பிரெஞ்சு. மூன்று பேரில் அவள் செய்யவில்லை. சொந்த அலுவலகத்துக்கே தமிழ்மாறன் தீ வைப்பாரா? மிச்சம் யார்?

"ஃபஹத் சார்," என்றாள். அந்த மூன்று காரணங்களையும் அடுக்கினாள்.

அன்று மதியமே அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மாலையில் புதிய பேருந்து நிலையத்தில், கும்பகோணம் வண்டிகள் நிற்கும் பக்கம், தோளில் பையோடு அவன் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் நேராக வந்தான்.

"எம்பேரச் சொன்னது நீங்கதானேக்கா?"

"ஆமா. கேட்டாங்க, சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே தம்பி. ஒண்ணுமில்லன்னு சொன்னியே. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத் திரைய மூடுன?"

ஃபஹத் பையிலிருந்து போனை எடுத்தான். அதில் ஒரு படத்தைக் காட்டினான். மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒருவன், பின்னால் வெர்னாக் மைதானம்.

"எங்க நானா. கூடப் பொறந்த மூத்தவரு, மூஸா. எங்க பாட்டனார் காலத்துலேந்து குடும்பத்துக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு. அவரு பேரு அதுல பதிஞ்சுது, எம்பேரு பதியல. அங்க போயிட்டாரு. போன மழைக்கு வாப்பா மவுத்தாயிட்டாங்க. அடக்கத்துக்கு இவரு வரல. உம்மா போன்ல தாறுமாறா ஏசிட்டாங்க. அன்னைக்கிலேந்து அவரு நம்பர் வேலை செய்யல. கடைசியா வந்தது இந்தப் போட்டோதான். அந்த மைதானத்துல கூட்டத்தக் காவல் காக்குற வேலை."

"அதனாலதான் வெர்னாக் மேசை கேட்டியாக்கும்?"

"பின்ன? பிரெஞ்சு பேசுறேன்னு சொன்னீங்களாமே, அந்த மைதானத்து ஆபீசுக்குத்தான் பேசுறேன். ஆளுங்க விவரம் சொல்லமாட்டோம்ங்குறாங்க. மூலைக் கொடிக்கம்பத்துலேந்து ரெண்டாவதா ஒருத்தர் நிப்பாரு. அவருதான்னு எனக்கு ஒரு இது. கூட்டத்தப் பாத்துத்தான் நிக்கணும்கிறது அவங்க விதி. முதுகுதான் தெரியும். பந்து நிக்கிற நேரத்துல ஒருவாட்டியாவது திரும்பமாட்டாரான்னு பாக்குறேன்."

"கால்பந்து மைதானத்துல நின்னுக்கிட்டு ஆட்டத்தப் பாக்காம நிப்பாங்களாக்கும்? கத நல்லாருக்கு தம்பி. இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?"

கும்பகோணம் வண்டி கிளம்பியது. ஓடிப்போய் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

சொன்ன வேகத்தையும் அந்தப் படத்தையும் நினைத்துப் பார்த்தபோது, இவ்வளவு பொருத்தமாக ஒரு கதை எப்படிக் கையில் இருந்தது என்றுதான் மலர்க்கொடிக்குத் தோன்றியது. முன்கூட்டியே தயார் செய்து வைத்திருப்பானோ?

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு சண்டை. அவள் கணவன் வீரையனுக்கும் பக்கத்து வயல் சாமிதுரைக்கும் ஒரே ஆழ்குழாய்க் கிணறு, கூட்டு. தன் முறையில் பாய்ச்சிய தண்ணீர் கோடை நடவில் நிற்கவில்லை, சாமிதுரைதான் மடையைத் திறந்து இழுத்துக்கொண்டார் என்று வீரையன் மண்வெட்டியோடு புறப்பட்டுப் போயிருந்தான். இருட்டுவதற்குள் சேறு படிந்த காலோடு திரும்பி வந்தான்.

"என்னங்க, அடிச்சிக்கிட்டீங்களா?"

"அவன் மடை கல்லு மாதிரி அடைச்சுக் கெடக்கு. எங்க வரப்புல புல்லுக்கு அடியில நண்டு வளை. கையி போற அளவுக்கு. தண்ணி பூராவும் அது வழியா வடிஞ்சிருக்கு. அந்தாளு வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டுறாரு, நான் தலையக் குனிஞ்சிக்கிட்டு வந்தேன்." வீரையன் சிரித்தான். "நாளைக்கி அவரு முகத்துல எப்புடி முழிக்கிறதுன்னுதான் தெரியல."

மலர்க்கொடி சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போனாள். ஃபஹத் பொய்தான் சொன்னான் என்று நிறுவுவதே அவள் நோக்கம். கிரேக்க அணி வெர்னாக்குக்கு வந்து ஆடிய ஆட்டத்தை எடுத்தாள். தாவல் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, முதல்முறையாக, பந்து நிற்கும் நேரத்தைப் பார்த்தாள்.

அது வேறோர் ஆட்டமாக இருந்தது. கோல் காப்பவன் தனக்குத்தானே பேசிக்கொண்டான். யாரோ ஒருவன் நடுவருக்குத் தெரியாமல் எதிரியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். கோட்டுக்கு வெளியே மஞ்சள் மேல்சட்டைக்காரர்கள் வரிசையாக, உண்மையிலேயே ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கொடிக்கம்பத்திலிருந்து இரண்டாவதாக ஒருவன் நின்றான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான். அசையவேயில்லை.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்னர் வந்தது. கோர்பியே அந்த மூலைக்கு நடந்து வந்தான், மஞ்சள் சட்டைக்கு ஓரடி தள்ளி. பந்தை எடுத்தான். சட்டை நுனியால் அதைத் துடைத்தான். வைத்தான். கையைத் தூக்கினான். உதைத்தான். பந்து பக்கத்துக் கம்பத்துக்குப் போனது. கிரேக்கர்கள் அங்கே முன்பே நின்றிருந்தார்கள்.

அடுத்த கார்னரில் அவன் துடைக்கவில்லை. பந்து தூரக் கம்பத்துக்குப் போனது.

மலர்க்கொடியின் முதுகு நிமிர்ந்தது. போலந்து ஆட்டத்தை எடுத்தாள். துடைத்தால் பக்கம், துடைக்காவிட்டால் தூரம். கைஜாடை எப்படி மாறினாலும் இது மாறவில்லை. பக்கத்துக் கம்பத்துக்குத் தாழ்வாக, வேகமாக அடிக்க வேண்டும். காலில் பந்து வழுக்கக் கூடாது. அதனால் அவன் அறியாமலே கை சட்டைக்குப் போகிறது. எதிரணியில் எவனோ பொறுமையாக உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறான். தாவல் விசை இறங்குகிற இடமோ கை தூக்கும் நொடி. துடைப்பது அதற்கு முன்னால். பருவம் முழுக்கக் கோர்பியேயின் நடையைத் தெரிந்து வைத்திருந்தவள், அவன் பந்தைத் துடைப்பதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

உள்நாட்டில் ஏன் தொல்லை இல்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோர்பியே உட்கார்ந்திருப்பான். கார்னர் எடுப்பது அந்த மாலி இளைஞன். ஒரு ஞாயிறு ஆட்டத்தையும் ஓடவிட்டுப் பார்த்தாள்; அவன் பந்தைத் துடைப்பதே இல்லை.

தமிழ்மாறன் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"வெள்ளிக்கெழம ஃபஹத்துன்ன. திங்கக்கெழம சட்டைங்கிற. வியாழக்கெழம வந்தா புல்லும்பியா?"

"நீங்களே பாருங்க சார்."

"அது கெடக்கட்டும். இப்ப ஏன் அவனக் காப்பாத்துற? ரெண்டு பேரும் சேந்து எதாவது..."

அவளுக்குச் சுருக்கென்றது. தன் வாயால் ஒரு பேர் வந்தபோது ஃபஹத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. அவர் கணினியிலேயே ஆட்டத்தைப் போட்டாள். கோர்பியே பந்தை வைத்ததும், கை எழுவதற்குள் நிறுத்தினாள்.

"தூரம்," என்றாள். ஓடவிட்டாள். தூரம் போனது.

"இன்னொண்ணு போடு."

"பக்கம்."

அவரே வேறோர் ஆட்டத்தைத் தேடிப் போட்டார், அவள் மனப்பாடம் செய்து வந்திருப்பாளோ என்று. அதிலும் சரி. இன்னொன்று. அதிலும் சரி. கடைசியில் அவரே முந்திக்கொண்டு, "பக்கம்!" என்று கத்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுதி அனுப்புறேன். ஆனா அவங்க ஒத்துக்குற வரைக்கும் ஃபஹத் வெளியதான்."

வெர்னாக்கிலிருந்து, கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. நன்றிகூட இல்லை. அவர்களும் இதை நம்பவில்லையோ, மாட்டிக்கொண்டவர்கள் கட்டிய கதை என்று நினைத்துவிட்டார்களோ? வேறு பதில் வந்ததா என்று வாரம் முழுக்க மலர்க்கொடி தமிழ்மாறனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபஹத்துக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை.

அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் வெர்னாக்கின் சொந்த மைதானத்தில். இரண்டு ஆட்டத்துக் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. ஆக, ஒரு கோல் கடனோடுதான் வெர்னாக் இறங்கியது. வெள்ளிக்கிழமை காலை வீடியோ வந்ததும், தமிழ்மாறன் தன் அறையை விட்டு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முடிவை முன்பே படித்துவிடக் கூடாது என்று இருவரும் செய்தி எதையும் திறக்கவில்லை.

இரண்டாம் பாதியில் கார்னர். கோர்பியே பந்தை எடுத்தான். சட்டை நுனியால் நிதானமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தான். டென்மார்க்காரர்கள் மொத்தமாகப் பக்கத்துக் கம்பத்துக்கு நகர்ந்தார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலே மிதந்து தூரக் கம்பத்துக்குப் போனது. அங்கே தனியாக நின்றிருந்தவன் தலையால் தட்டினான்.

"கோல்!" என்றார் தமிழ்மாறன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "படிச்சிருக்கானுங்க. நீ அனுப்புனதப் படிச்சிருக்கானுங்க. அந்தப் பயல வரச்சொல்லு."

கடைசியில் பெனால்டிகளில் வெர்னாக் தோற்றுப்போனது. ஐரோப்பா முடிந்தது. 

ஃபஹத் திங்கட்கிழமை வந்தான். மலர்க்கொடிக்கு வணக்கம் சொல்லவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து அதே ஆட்டத்தைத் திறந்தான். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவன் கை திரையைச் சுருக்கப் போனது.

"தம்பி, நான் செஞ்சது தப்பு. கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்."

"ம்."

"கோல் விழுந்ததும் தாவிடாத. அப்புடியே ஓடவிடு."

அவன் சந்தேகமாக அவளைப் பார்த்தான். பிறகு ஓடவிட்டான். கோல் விழுந்ததும் கோர்பியே மூலைக்கொடியை நோக்கி ஓடினான். கூட்டம் தடுப்பைத் தாண்டி அவன் மேல் பாய்ந்தது. வரிசையிலிருந்த மஞ்சள் சட்டைகள் எல்லாம் ஒரு கணம் திரும்பி ஆட்டத்தைப் பார்த்துவிட்டன. இரண்டாவது ஆள் மட்டும் திரும்பவில்லை. தடுப்பை நோக்கி, கூட்டத்தை அணைத்துத் தள்ளிக்கொண்டு, சில அடிகள் நடந்தான்.

"இவ்ளோ பெரிய கோலு. அப்பவும் திரும்பலியே," என்றான் ஃபஹத்.

"நடந்தாருல்ல? இத்தன நாளு நின்னதத்தான் நாம பாத்தோம். உங்க நானா நடக்குற வீடியோ எதாவது வச்சிருக்கியா?"

போனில் தேடி எடுத்தான். ஏதோ ஒரு கல்யாண வீடு. ஒருவன் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு நடக்கிறான். இடது தோள் முன்னால் போகிறது. வலது கால் கொஞ்சம் தாமதித்து, பக்கவாட்டில் ஊன்றுகிறது. மலர்க்கொடி அதைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா. நடைய வச்சு ஆளச் சொல்லுவீங்கல்ல. அவருதானா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் அதை அடக்கினாள்.

"நான் பேரு சொல்லமாட்டேன். ஒருதடவ சொல்லிப் பட்டாச்சு. நீ பாரு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சில அடிகளை மெதுவாக ஓடும்படி வைத்தாள்.

ஃபஹத் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் கை தானாகவே போனை எடுத்துக் காரைக்காலுக்கு அழைத்தது. போன் திரையில் அவன் தாய் லத்தீஃபாவின் முகம் வந்தது.

"உம்மா, இங்க ஒண்ணு காட்டுறேன், பாருங்க."

"யாருடா அது? மூஞ்சியக் காட்டுறானா?"

"இல்லம்மா. முதுகுதான்."

"முதுகப் பாத்து நான் என்னத்தச் சொல்ல? எவனாவது உன்ன ஏமாத்தப்போறான்." லத்தீஃபா போனருகே குனிந்தாள். "பக்கத்துல யாரு, அந்தப் புள்ளையா? உன்ன மாட்டிவிட்ட புள்ளையா? அது என்ன சொல்லுது?"

ஃபஹத் மலர்க்கொடியைப் பார்த்தான். அவள் அவன் கையிலிருந்து போனை வாங்கி, லத்தீஃபாவுக்குத் திரை நன்றாகத் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்கம்மா," என்றாள். "மொதல்லேந்து போடுறேன். நீங்களே பாருங்க."